படலத்துள் நிறம்

பலாச மரக் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினில் பொன்னிறமும் செந்நிறமும் ஒருங்கே உறைகின்றன. நொறுக்கி நீரில் கழுவ, செஞ்சாயத்தின் பெரும்பகுதி கரைந்து நீங்கும். எஞ்சியதை உருக்கி மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு. அதை எரிசாராயத்தில் கரைத்துப் பூசும் தச்சர், மெருகோடு இளம்பொன் சாயலையும் மரத்துக்கு ஏற்றுகின்றனர். இன்றைய வார்னிஷ்களுள் பல நிறமற்றவை. அவற்றுள் நிறத்தை நாமே சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதற்குச் சாயமும் உண்டு, நிறமியும் உண்டு. சாயம் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைவதால் ஒளியைச் சிதறடிக்காது. மரத்தின் வரிகள் தெளிவாகவே தெரியும். நிறமி கரையாத பொடி. காவிக்குச் செம்மை தரும் இரும்பு ஆக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3; உலர்ந்த வார்னிஷுக்கு 1.5 அளவே. இவ்வேறுபாட்டால் ஒவ்வொரு துகளின் எல்லையிலும் ஒளி திசைமாறிச் சிதறுகிறது. அடியிலுள்ள மரம் மங்குகிறது.

அதே இரும்பு ஆக்சைடைச் சில பத்து நானோமீட்டர் அளவுக்கு நுண்மையாக்கினால் விந்தை நிகழ்கிறது. கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிட மிகச் சிறிய துகள்களின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே எடையுள்ள நிறமி சிதறடிக்கும் ஒளி எட்டில் ஒரு பங்காகிறது. நிறம் நிலைக்க, மறைப்பு மட்டும் அகல்கிறது! புறஊதாக் கதிரையும் உறிஞ்சி மரத்தின் லிக்னின் சிதைவதைத் தாமதப்படுத்தும் இந்நிறமியையே வெயில் படும் பட்டறைக்கு நான் தேர்வேன். தனி மூலக்கூறாய் நிற்கும் சாயத்துக்குக் காப்பில்லை. பெரும்பாலான சாயங்கள் வெயிலில் விரைந்து வெளிறும்.

பட்டறை மேசைக்கு வெளிர்சாயலே தகும். கருநிறப் பரப்பில் பென்சில் கோடும் சிறு திருகாணியும் கண்ணுக்குத் தப்பும். மேலும், படலம் தடிக்கத் தடிக்க நிறம் ஆழமாகும்: ஒரு பூச்சு நீல ஒளியில் 70 விழுக்காட்டை உள்ளே விட்டால், இரு பூச்சுகள் 49 விழுக்காட்டையே விடும். தூரிகைத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் கரும்பட்டை விழுவது இதனாலேயே. ஆகவே நிறத்தை நீர்த்த அளவில் கலந்து மெல்லிதாகப் பூசுக. நிறமி மிகுந்தால் துகள்களைப் பிணைக்கப் பிசின் போதாது, படலம் வலுவிழக்கும். இரும்பு ஆக்சைடு நீரைப்போல் ஐந்து மடங்கு அடர்த்தியுடையது; அடியில் படியும் அதைக் கிளறியே பூச வேண்டும். நீரில் மட்டுமே கரையும் சாயம் எண்ணெய் வார்னிஷில் கலவாது.

உளியும் சுத்தியலும் உராயும் மேசையில் நிறப்பூச்சு கீழேயே இருக்கட்டும். அதன்மேல் நிறமற்ற பூச்சு இரண்டு மூன்று ஏறட்டும். தேய்ந்தபோது மேற்பூச்சை மட்டும் உப்புத்தாளால் உரசிப் புதுப்பிக்கலாம். நிறப்பூச்சே கீறுண்டால் அவ்விடத்தில் மட்டும் சாயலை ஒப்பச் செய்வது அரிது. பெரும்பாலும் மேசை முழுவதையும் இழைத்து, மரத்திலிருந்தே தொடங்க நேரும்.