மூன்று டாலர் மேசை

சூதாட்டம் ஹராம் என்பது நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. அதை மீண்டும் எடுத்துரைப்பதற்காக இக்கட்டுரையை நான் எழுத முற்படவில்லை. நமக்கு நன்கு தெரிந்த ஹராம், புத்தாடை உடுத்தி, நறுமணம் பூசி, "நான் அவனில்லை" என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது அதனை அடையாளம் காண்பது எங்ஙனம் என்பதே நம்முன் உள்ள கேள்வி.

அன்பிற்குரிய வாசகர்களே! நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் இன்று மேற்படிப்பிற்காகவும் கணினிப் பணிக்காகவும் அமெரிக்கா சென்றுள்ளனர். நீண்ட விடுமுறை கிடைத்தால் அலுவலகத் தோழர்களோடு சேர்ந்து லாஸ் வேகஸ் நகருக்குச் சுற்றுலா போவது அங்கு இயல்பான ஒன்று. அப்படிச் சென்று வந்த இளைஞர்கள் சிலர், ஊர் வரும்போது உலமாக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு சந்தேகம் உண்டு. "ஹஜ்ரத், இயந்திரத்தில் காசு போட்டு ஆடுவதும், சக்கரத்தில் பணம் கட்டுவதும் சூது. அதை நாங்கள் தொடுவதில்லை. போக்கர் என்ற சீட்டாட்டம் வேறு மாதிரி. அங்கே விடுதிக்காரனை எதிர்த்து ஆடுவதில்லை. மேசையில் இருப்பவர்கள் தமக்குள் ஆடிக்கொள்கிறார்கள். அறிவும் கணக்கும் வேண்டும். அதுவும் மிகச் சிறிய தொகைதான். இதுவும் அதுவும் ஒன்றாகுமா?"

கேட்பவர்கள் மார்க்கத்தை எள்ளி நகையாடுபவர்கள் அல்லர், தொழுகையாளிகள். ஆகவே அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டு பதில் சொல்வதே முறை.

நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டு சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அம்மாநிலத்தின் லாஸ் வேகஸ் நகரில் 1998இல் திறக்கப்பட்டது பெல்லாஜியோ என்னும் ஆடம்பர விடுதி. வாசலில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்றுகளைக் காணவே மக்கள் திரள்வர். அதன் போக்கர் அறை உலகப் புகழ் பெற்றது. இலட்சக்கணக்கான டாலர் புரளும் ஆட்டங்களுக்கு அங்கே தனி அறை உண்டு. அதற்கு வெளியே, அதே கூரையின்கீழ், அதே விரிப்பின்மேல், எளியோருக்கான மேசைகள் போடப்பட்டுள்ளன. அவற்றைத்தான் ஒன்று - மூன்று டாலர் மேசை என்கிறார்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் 1 டாலரும், அடுத்தவர் 3 டாலரும் கட்டாயமாக வைக்க வேண்டும். இந்தப் பொறுப்பு வட்டமாகச் சுற்றி வரும். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். ஐந்து சீட்டுகள் பொதுவாக நடுவில் விரிக்கப்படும். இடையிடையே பணயம் ஏறிக்கொண்டே போகும். மூன்று டாலர் மேசை என்பது பெயர்தான்; ஒரே ஆட்டத்தில் முன்னால் இருக்கும் அத்தனை வில்லைகளையும் நடுவே தள்ளிவிட எவருக்கும் உரிமை உண்டு. சிறு தொகை என்பது நுழைவாயிலின் அளவேயன்றி, கிணற்றின் ஆழம் அன்று.

"விடுதிக்காரனை எதிர்த்து ஆடுவதில்லை" என்பது உண்மையே. அவனுக்கு அந்தத் தேவையே இல்லை! யார் வென்றாலும் நடுவில் குவிந்த பணத்திலிருந்து ஒரு பங்கை அவன் எடுத்துக்கொள்கிறான். அதற்கு 'ரேக்' என்று பெயர். நம்மூர்ச் சொல்லில் கமிஷன். அது பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நெவாடா மாநில விதி. வழக்கத்தில் ஓர் ஆட்டத்திற்குச் சில டாலர்கள் என்று ஓர் உச்ச வரம்பும் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 200 டாலருடன் அமர்கின்றனர். மேசையில் இருப்பது 1,800 டாலர். ஒரு மணி நேரத்தில் 30 ஆட்டங்கள் நடப்பதாகவும், ஆட்டத்திற்குச் சராசரி 3 டாலர் கமிஷன் போவதாகவும் கொள்வோம். வென்றவர் சீட்டுப் பகிர்பவருக்கு 1 டாலர் அன்பளிப்பாகத் தருவது அங்குள்ள வழக்கம். ஆக ஆட்டத்திற்கு 4 டாலர், மணிக்கு 120 டாலர். ஐந்து மணி நேரத்தில் 600 டாலர் மேசையை விட்டு வெளியேறிவிடும். கொண்டு வந்ததில் மூன்றில் ஒரு பங்கு! எவரும் எவரிடமும் தோற்காவிட்டாலும் அது போயே தீரும். இலட்சங்களில் ஆடும் செல்வர்களுக்கு இந்தச் சில டாலர்கள் தூசு. மூன்று டாலர் மேசைக்காரனுக்கோ அதுவே உயிர்நாடி. பணயம் சிறிதாகச் சிறிதாக, விடுதியின் பங்கு பெரிதாகிறது. "சிறிய தொகைதானே" என்று அமர்பவன்தான் கணக்கின்படி மிகவும் நசுக்கப்படுபவன் என்பதைப் போக்கரை அறிவுக்கலை என்று புகழ்கிறவர்களே மறுப்பதில்லை.

இனி, தொகை சிறிதென்றால் சட்டம் இளகுமா என்பதைப் பார்ப்போம். அரபுநாட்டின் அறியாமைக் காலத்து 'மைஸிர்' எத்தகையது என்பதை விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கிடுவார்கள். பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாய் எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு யாருக்கு வந்ததோ அவர்களே ஒட்டகத்தின் விலையைச் செலுத்த வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொண்டனர். ஆட வராதவனைக் கஞ்சன் என்று ஏசினர். கொடும் பஞ்சத்தில் வறியோரின் பசி தீர்த்த சூது அது! சூதில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டென்றும், ஆயினும் அதன் பாவம் பயனைவிடப் பெரிதென்றும் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் கூறுவதற்கு இதனை ஒரு விளக்கமாக அறிஞர்கள் காட்டுவர். ஏழையின் வயிற்றை நிரப்பிய சூதே தடுக்கப்பட்டதென்றால், விடுதியின் பெட்டியை நிரப்பும் சூதுக்கு எங்கிருந்து சலுகை வரும்? தோழனைச் சூதாட வாய்மொழியாக அழைத்துவிட்டாலே அதற்கு ஈடாகத் தர்மம் செய்யுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. அங்கே பணயம் மூன்று டாலர்கூட இல்லை, வெறும் சொல்தான்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவையும் சூதையும் ஒரே மூச்சில் கூறி, அவற்றின் வழியே ஷைத்தான் பகையை மூட்டவும் தொழுகையை விட்டுத் தடுக்கவும் நாடுகிறான் என எச்சரிக்கின்றன. நெவாடா விடுதிகளில் ஆடிக்கொண்டிருப்போருக்கு மது இலவசமாகப் பரிமாறப்படுகிறது. பெல்லாஜியோவின் போக்கர் அறைக்கு இரவு பகல் என்ற வேறுபாடும் இல்லை. நல்ல சீட்டு வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பவனே கெட்டிக்காரன் என்பதால், மஃரிபும் இஷாவும் அந்தப் பொறுமைக்குள் கரைந்து போகின்றன.

பகை என்பது மிகையல்லவா, சிரித்துக்கொண்டுதானே ஆடுகிறார்கள் என்று சிலர் கேட்பர். போக்கர் அறை விதியொன்றைக் கவனியுங்கள். இரு நண்பர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவன் பணத்தை மற்றவன் பறிக்க மனமில்லாமல் விட்டுக்கொடுத்து ஆடினால், அது கூட்டுச் சதியாகக் கருதப்படும். ஆட்டத்தை விட்டே அவர்களை வெளியேற்றலாம். நண்பனிடம் இரக்கம் காட்டுவது அங்கே குற்றம். கையில் ஒன்றுமில்லாதபோது இருப்பதாக நடித்து எதிரியைப் பயமுறுத்துவது அங்கே திறமை. ஒரே காரில், ஒரே செலவில் சேர்ந்து போன தோழர்கள், அந்த மேசையில் அமர்ந்த பின் என்ன ஆகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

திறமை என்ற வாதம் நம் நாட்டிலும் ஒலித்தது. இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்த 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி, 2023 நவம்பரில் அவ்விரண்டையும் அதன் பிடியிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை ஒருசேரத் தடுத்தது. நம் ஃபிக்ஹு நூல்களின் பார்வையும் ஏறக்குறைய இதுவே. சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்திற்கு இடமே இல்லை. பணயமின்றி ஆடினால் அது வெறுக்கத்தக்கது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஆனால் இருவரும் பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வதாயின், அதே சதுரங்கம் சூதாகிவிடுகிறது. அறிவு கூடியதால் பணயம் ஹலாலாவதில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்களில் எவரேனும், பிள்ளை இவ்வாறு ஏற்கெனவே வென்ற பணத்தை என்ன செய்வதென்று கேட்கக்கூடும். உரியவர் இன்னாரெனத் தெரிந்தால் அவரிடமே சேர்ப்பிக்க வேண்டும். போக்கர் மேசையில் எதிரே இருந்தவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அந்நிலையில் அத்தொகையைத் தன்னிடமிருந்து நீக்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உலமாக்கள் கூறுவர். நன்மையை எதிர்பார்த்துச் செய்யும் ஸதக்காவாக அதைக் கருதலாகாது. ரமளானில் கொடுக்க வேண்டிய ஜகாத்தின் கணக்கில் அதை வரவு வைக்கவும் இயலாது.