கடல் கடந்து கற்கச் செல்லும் நம் பிள்ளைகள்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலையை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், தேயிலையும் ரப்பரும் அடுத்தடுத்து வளரும் மலைச்சரிவில் அமைந்துள்ள சிறு நகரம் லுணுகலை. அதற்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்றுத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றிற் சேர்ந்தாள். அவளை வழியனுப்பச் சந்திவரை இறங்கி வந்த பெரியவர்கள், கலங்கி நின்ற தாய்க்குச் சொன்ன ஆறுதல் ஒன்றுதான். “நம்ம பாட்டன் பூட்டன் பிறந்த சீமைக்குத்தானே போகிறாள்? அங்கே எல்லாரும் தமிழ்தானே பேசுகிறார்கள்? இதற்குப் போய் அழுவார்களா?”

முதல் வாரத்திலேயே அந்தப் பெண் விடுதி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளை அழவைத்தது ஒரு தமிழ்ச் சொல்.

கல்லூரி அலுவலகத்தில் அவளுடைய சான்றிதழ்களைப் பார்த்த எழுத்தர், ஒரு பத்திரத்தைச் சுட்டி, “இதில் கையெழுத்துப் போட்டது யார்?” என்று கேட்டார். “எங்கள் அதிபர்” என்றாள் அவள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “இலங்கை அதிபரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா? பெரிய இடந்தான்!” என்றார். வரிசையில் நின்ற அனைவரும் சிரித்தனர். நமக்கு அதிபர் என்றால் பாடசாலைத் தலைவர். தமிழகத்துப் பத்திரிகைகள் அதிபர் என்று எழுதுவதோ நாட்டின் ஜனாதிபதியை. எழுத்தர் கெட்ட எண்ணத்தோடு கேட்டவர் அல்லர். அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் அதுதான். ஆயினும் பதினெட்டு வயதிலே, முன்பின் தெரியாத ஊரிலே, தன் சொந்த மொழியைப் பேசியதற்காகச் சிரிக்கப்படுவது சிறிய விஷயமன்று.

ஆங்கில நாட்டுக்கோ ரஷ்ய நாட்டுக்கோ செல்லும் பிள்ளை, எல்லாம் புதிதாக இருக்குமென்று மனத்தைத் தயார் செய்துகொண்டு போகிறது. தெரிந்த இடத்துக்குப் போகிறோம் என்று நம்பிப் போகிற பிள்ளைக்கு அந்தக் காப்பு இல்லை. தடுக்கி விழுந்தால் குற்றம் இடத்திலா, தன்னிடத்திலா என்று அதற்குப் புரிவதில்லை. தன்னிடத்தில்தான் என்று பெரும்பாலும் முடிவு கட்டிக்கொள்கிறது.

கலேர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இத்தகைய மனநிலையைப் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்று விவரித்தார். எப்போது கை கொடுப்பது, எப்போது விலகி நிற்பது, யாரை எப்படி அழைப்பது என்பன போன்ற நூறு சின்னஞ்சிறு அடையாளங்களை நாம் நினையாமலே கைக்கொண்டு வாழ்கிறோம்; அவை அத்தனையும் ஒரே நாளில் பயனற்றுப் போகும்போது உண்டாகும் கலக்கமே அது என்பது அவர் கருத்து. அதற்குச் சற்று முன்னர், 1955இல், நோர்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வேரே லிஸ்கார்ட் வேறொன்றைக் கண்டார். அமெரிக்காவுக்குப் புலமைப்பரிசிலிற் சென்று திரும்பிய நோர்வேக்காரர் சுமார் இருநூறு பேரை அவர் விசாரித்தார். அரையாண்டுக்குக் குறைவாகத் தங்கியவர்களும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகவே பொருந்தியிருந்தனர். இடைப்பட்ட காலம் தங்கியவர்களே மிகவும் அல்லற்பட்டிருந்தனர். ஆரம்பத்திலே எல்லாம் வேடிக்கை, பின்னர் ஒரு பள்ளம், அதன்பின்னரே மேடு. இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் மறுத்துள்ளனர். நம் லுணுகலைப் பெண்ணுக்கும் பள்ளம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டதே!

இனி ஒரு பழைய கதை. 1888ஆம் ஆண்டு செப்டெம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறிய பதினெட்டு வயது வாலிபர் ஒருவர், கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாமலும், எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சப்பட்டும், வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்புகளையும் பழங்களையும் தின்றே பொழுதைப் போக்கினார். செப்டெம்பர் மாதக் கடைசியில் வெள்ளைக் கம்பளி உடையோடு இங்கிலாந்தில் இறங்கியபோது, அந்த உடையில் நின்றவர் தாம் ஒருவரே என்று கண்டு நாணினார். லண்டனில் அவரைப் பார்க்க வந்த பிராண்ஜீவன் மேத்தா என்ற மருத்துவரின் பட்டுத் தொப்பியைக் கையிலெடுத்து ரோமத்தை எதிர்ப்புறமாகத் தடவிவிட்டார். மேத்தா சற்றுக் கோபத்தோடு தடுத்தார். ஆயினும் அத்தோடு விடவில்லை. பிறர் பொருளைத் தொடாதே, முதற் சந்திப்பிலே நம் ஊரில் கேட்பது போன்ற கேள்விகளைக் கேட்காதே, உரக்கப் பேசாதே என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். குடும்பமொன்றோடு தங்குவது நல்லது என்றும் வழிகாட்டினார்.

அந்த வாலிபர் மோகன்தாஸ் காந்தி. நாட்டியம், வயலின் என்றெல்லாம் காசைச் செலவழித்து ஆங்கிலக் கனவானாக முயன்றதையும், பின்னர் அதைக் கைவிட்டுச் சைவ உணவுச் சங்கத்தாரோடு சேர்ந்து தமக்கேற்ற நண்பரைக் கண்டதையும் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இந்தியா திரும்பிய சில ஆண்டுகளில், லண்டனுக்குப் படிக்கச் செல்வோருக்காக ஒரு கைந்நூலை அவர் எழுதினார். என்ன உடை கொண்டுபோவது, எவ்வளவு செலவாகும், எதைச் சாப்பிடுவது என்பவையே அதன் பொருள். அப்போது அது அச்சேறவில்லை. தொப்பியைத் தவறாகத் தடவியவர், தமக்குப் பின்னே வருகிறவன் அவ்வாறு தடவக்கூடாது என்று குறிப்பெழுதி வைத்தார் அல்லவா? அந்த மனந்தான் இங்கே நமக்கு வேண்டியது. அதே காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது நம் பதுளைக்கும் வந்து பேசினார்.

மலையகப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி புதியதன்று. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே 1947இல் தொடங்கப்பட்ட கல்வி நிதியம் ஒன்று இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஆதரவில் இயங்கி வந்துள்ளது. இலங்கை மாணவர் இந்தியாவிற் பட்டம் பெறுவதற்கு நேருவின் பெயராலும் மௌலானா ஆசாத்தின் பெயராலும் புலமைப்பரிசில்கள் வழங்கப்பட்டு வந்துள்ளன. பணம், இடம், பிரயாணச் சீட்டு ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அலுவலகங்கள் இருக்கின்றன. ‘அதிபர்’ என்று சொல்லாதே, ‘தலைமையாசிரியர்’ என்று சொல் என்பதை எந்த அலுவலகம் சொல்லித் தரும்?

அழுத பெண்ணைத் தேற்றியது அதே கல்லூரியில் ஓராண்டு முன்னதாகச் சேர்ந்திருந்த பண்டாரவளைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். “தங்கச்சி, நான் கடையிலே பாண் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவள். சவர்க்காரம் என்றேன், கடைக்காரருக்குப் புரியவில்லை. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போக வேண்டும் என்றேன், நாட்டு மருந்துக் கடைக்கு வழி காட்டினார்கள். நீ ஓர் அதிபரோடு தப்பிவிட்டாய்” என்றாள். இருவரும் சிரித்தார்களாம். அன்றிரவே இருவரும், அயற்கல்லூரிகளிற் படித்த மலையக மாணவர் சிலரும் சேர்ந்து, கைத்தொலைபேசியில் ஒரு குழுவை அமைத்துக்கொண்டனர்.

அந்தக் குழுவின் விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புத்திமதி எழுதக்கூடாது, அன்று கண்டதை எழுத வேண்டும். ஒரு படம், இரண்டு வரி, அவ்வளவுதான். பஸ் வண்டியில் பெண்கள் இருக்கும் பக்கத்தின் படம். பரீட்சையை இங்கே தேர்வு என்பார்கள் என்ற குறிப்பு. விடுதிச் சாப்பாட்டில் சாம்பாருக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர் என்ற வரிசை தெரியாமல் ஒருவன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்த கதை. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போகும்போது எந்தப் பத்திரங்களின் பிரதி வேண்டும் என்ற விவரம். கண்டது விளங்காவிட்டால் அந்த ஊர்த் தோழர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். அடுத்த ஆண்டு போகவிருந்த பிள்ளைகளையும், அவர்கள் இங்கே இருக்கும்போதே குழுவிற் சேர்த்துக்கொண்டார்கள். பசறையில் இருந்தபடியே அவர்கள் சாம்பாரின் இலக்கணத்தைக் கற்றனர்.

‘கேட்டு எழுத வேண்டும்’ என்ற அந்த விதியிலேதான் சூட்சுமம் இருக்கிறது. போச்னர் என்ற உளவியலாளரும் அவர் நண்பர்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வெளிநாட்டு மாணவனுக்கு மூவகைச் சுற்றம் உண்டென்று காட்டினர். தன் நாட்டார், தன் பண்பாட்டைக் காத்துக்கொள்ள உதவுவர். அந்நாட்டார், படிப்புக்கும் காரியத்துக்கும் உதவுவர். பிற அந்நிய நாட்டார், பொழுதுபோக்குக்குத் துணையாவர். முதல் வகை மட்டும் போதுமென்று இருந்துவிடுவது எளிது. நம்மவர் நம்மவரோடு மட்டும் கூடி, இந்த ஊர்ச் சோறு சரியில்லை, இந்த ஊர் மனிதர் சரியில்லை என்று இரவெல்லாம் புலம்பும் குழுக்களையும் நான் அறிவேன். அவற்றிற் சேர்ந்த பிள்ளைகள் மூன்றாண்டு முடிந்தும் ஓர் உள்ளூர் வீட்டின் வாசற்படி மிதியாமல் திரும்பியதுண்டு. கேட்டெழுத வேண்டும் என்ற கட்டாயம், கூச்சமுள்ள பிள்ளையையும் அடுத்த அறைக் கதவைத் தட்டச் செய்துவிடுகிறது.

கேட்டாலும் விளங்காதவையும் உண்டு. “எந்த ஊர்?” என்ற கேள்வி அவற்றுள் ஒன்று. லுணுகலை என்றால் யாருக்கும் தெரியாது. இலங்கை என்றால், “யாழ்ப்பாணமா?” என்பார்கள். இல்லை, மலையகம் என்றால், “அகதியாக வந்தீர்களா?” என்பார்கள். புலமைப்பரிசில் பெற்று விமானத்தில் வந்திறங்கிய பிள்ளை இதற்கு என்ன சொல்லும்? இங்கே அரசாங்கத்தின் குடிசன மதிப்பீட்டுப் பத்திரத்தில் அதன் குடும்பம் ‘இந்தியத் தமிழர்’. அங்கே பதிவு அலுவலகத்தில் அது ‘வெளிநாட்டவர்’. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டு, எஞ்சியோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை இழுபட்ட ஒரு சமூகத்தின் பேத்தி அவள். அவளுடைய தாத்தாவின் தம்பி குடும்பம் அந்த ஒப்பந்தத்தின்படி கப்பலேறி நீலகிரிக்குப் போனது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில், அங்கேயும் கொழுந்துதான் பறித்தது.

முதலாண்டு விடுமுறையில் அந்த உறவினரைத் தேடிக் கூடலூருக்குப் போனாள் நம் பெண். வீட்டு முற்றத்தில் கோதுமை ரொட்டியும் சம்பலும் வைத்தார்களாம். பால் கலவாத தேத்தண்ணீரும் கொடுத்தார்களாம். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டை இன்னமும் ‘சிலோன்காரர் வீடு’ என்றே சொல்கிறார்கள் என்று கேட்டபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்று குழுவில் அவள் அனுப்பியது ரொட்டியின் படம் மட்டும். இரண்டு வரி எழுதும் விதியை அன்று அவள் கடைப்பிடிக்கவில்லை. யாரும் அவளைக் கேட்கவுமில்லை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தொலைபேசியில் பிள்ளை “நன்றாக இருக்கிறேன்” என்று சொல்லும். தாயும் “நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம்” என்பாள். தகப்பனுக்கு முழங்கால் வீங்கி ஒரு மாதமாக வேலைக்குப் போகாததை இவள் மறைப்பாள்; பரீட்சையில் ஒரு பாடம் தவறியதை அவள் மறைப்பாள். பிள்ளையைச் சங்கடப்படுத்தக் கூடாதென்ற அன்புதான் காரணம். ஆனால் பொங்கலன்று வரும் புன்னகைப் படத்தை நம்பி இருந்துவிடாமல், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்பது மேல். இரண்டாவது கேள்விக்குப் பல நாள் தொடர்ந்து “தனியாகத்தான்” என்று பதில் வந்தால், முன்னே போன பிள்ளைகளில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நம் பெண்ணின் தாய்க்கு எழுத வராது. ஆயினும் பண்டாரவளைப் பெண்ணின் இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

திரும்பி வருவதும் ஒரு பிரயாணந்தான். கல்லஹார்ன் தம்பதியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1963இல், வெளிநாட்டிலிருந்து வீடு திரும்பும் மாணவருக்கு மீண்டும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது என்று எழுதினர். பட்டத்தோடு வந்த நம் பெண், பத்தடி லயக் காம்பராவில் படுக்க இடமின்றித் திண்டாடவில்லை. அது அவளுக்குப் பழக்கமானதுதான். கடையில், “ஒரு பிரட் கொடுங்கள்” என்று கேட்டுவிட்டாள். கடைக்காரர், “இந்தியாவுக்குப் போய் வந்தால் பாணும் மறந்துபோகுமோ?” என்று கேட்டார். அங்கே ‘அதிபர்’ என்று சொல்லிப் பட்ட அதே வெட்கத்தை இங்கே மறுபடியும் பட்டதாக என்னிடம் சொன்னாள். நேர்முகப் பரீட்சையொன்றில் தன்னையறியாமல் ‘தேர்வு’, ‘தலைமையாசிரியர்’ என்று பேசியபோது, “நீங்கள் எந்த நாடு?” என்று கேட்டாராம் ஒரு உத்தியோகத்தர்.

சென்ற ஆண்டு மடுல்சீமைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவனும் அவன் தாயும் லுணுகலைக்கு வந்து அவளைக் கண்டனர். பெட்டியில் என்னென்ன வைப்பது என்பது தாயின் கேள்வி. மாசிக் கருவாடு, மிளகாய்த்தூள், தேயிலைத்தூள் இரண்டு கிலோ என்று ஒரு பட்டியலே கொண்டுவந்திருந்தாள். நம் பெண் அதை வாங்கிப் பார்த்து, தேயிலைத்தூளை மட்டும் நாலு கிலோவாக்கினாள்.

“இரண்டு உனக்கு, தம்பி. மற்ற இரண்டையும் சிறு பொட்டலமாகக் கட்டிக்கொள். போன முதல் நாளே பக்கத்து அறைகளுக்குக் கொடுத்துவிட்டு, இங்கே தேத்தண்ணீர் எப்படிப் போடுவீர்கள் என்று அவர்களிடமே கேள்.”

பையன் தொலைபேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டான். பிறகு தயங்கியபடி கேட்டான்: “அக்கா, அங்கே அதிபரை என்னவென்று சொல்வது?”