பனிப்பொழிவில் சிக்கடீ

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜனவரிப் பனி கொட்டி ஓய்ந்த காலையில், கொல்லைப்புறத் தீனிக்கூண்டுக்கு முதலில் வருவது பெரும்பாலும் கருந்தொப்பிச் சிக்கடீதான். கருத்த தலை, கருத்த தொண்டை, வெள்ளைக் கன்னம். எடை 10 முதல் 14 கிராம். நம் பட்டாணிக்குருவியின் குடும்பம். குளிருக்குப் பயந்து தெற்கே வலசை போகாத பறவை இது.

இதற்குப் பகலைவிட இரவே பெரிய சோதனை. பகலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் விடியும்வரை உயிர் தரிக்க வேண்டும். அந்தக் கொழுப்பு வீணாகாமலிருக்க, பகலில் 42 டிகிரி செல்சியஸ் அளவிலிருக்கும் தன் உடல்வெப்பத்தை இரவில் ஏறத்தாழ 10 டிகிரி தானே குறைத்துக்கொண்டு மரப்பொந்தில் ஒடுங்குகிறது. மறுநாள் இழந்த கொழுப்பையெல்லாம் மீண்டும் தின்றே ஈட்டியாக வேண்டும். கிளைகளைப் பனி மூடிவிட்ட நாளில் அது எளிதல்ல. அதனால்தான் இலையுதிர்காலத்திலேயே விதைகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு மரப்பட்டை இடுக்கில் ஒளித்து வைக்கிறது. ஒளித்த இடங்களை நான்கு வாரம் கழித்தும் நினைவில் வைத்திருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. இத்தனை சிறிய தலைக்குள் இப்படியொரு நினைவாற்றல் என்பது எனக்குத் தீராத வியப்பு.

கூண்டில் கருப்புச் சூரியகாந்தி விதை போடுங்கள். தோல் மெல்லியது, எண்ணெய்ச்சத்து மிகுந்தது. மாட்டுக்கொழுப்புக் கட்டியும் நல்லது. ரொட்டி வேண்டாம். சிக்கடீ ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் பறந்து, கால்களால் அழுத்திப் பிடித்துக் கொத்தி உடைப்பதைக் காணலாம். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். எச்சரிக்கைக் குரலின் முடிவில் 'டீ டீ' எத்தனை முறை நீள்கிறதோ அவ்வளவு பெரிய ஆபத்து. பெரிய ஆந்தையைவிட, சட்டென்று திரும்பிப் பாய வல்ல குட்டி ஆந்தைக்கே அதிக 'டீ' என்று 2005இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

தீனி போட்டால் பறவை சோம்பேறியாகிவிடும் என்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 1988இல் வெளியான ஆய்வு வேறு சொல்கிறது. தீனிக்கூண்டு இருந்த இடங்களில் 69 விழுக்காடு சிக்கடீகள் குளிர்காலத்தைத் தாண்டின. இல்லாத இடங்களில் 37 விழுக்காடுதான். ஆனால் அன்றாடத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கையே அவை கூண்டிலிருந்து பெற்றன. மிச்சத்தைத் தாமே தேடிக்கொண்டன. கடுங்குளிர் நாள்களில்தான் கூண்டு உயிர் காத்தது.

அழுக்குக் கூண்டு சால்மோனெல்லா நோயைப் பரப்பும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவையுங்கள். பறவைகள் சன்னல் கண்ணாடியில் வேகமாக மோதாதிருக்க, அதிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே கூண்டைத் தொங்கவிடுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் வாசகர்கள் 'புராஜெக்ட் ஃபீடர்வாட்ச்' கணக்கெடுப்பில் சேருங்கள். நவம்பர் முதல் ஏப்ரல்வரை உங்கள் கொல்லைப்புறத்தில் எண்ணும் பறவைகள் ஆய்வாளர்களுக்குத் தரவாகும்.