சுண்ணாம்புக்கல் டோலமைட் ஆவது எப்படி?

புளிப்பேறிய நிலத்துக்குச் சுண்ணாம்பு இட வேண்டும் என்பது நீலகிரித் தேயிலைத் தோட்டக்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல. எந்தத் தூளை வாங்குவது என்பதில்தான் குழப்பம். சுண்ணாம்புக்கல் தூள், டோலமைட் தூள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பின்னதில் கால்சியத்துடன் மக்னீஷியமும் சேர்ந்திருக்கிறது. சுத்தமான டோலமைட்டில் எடையில் 13 சதவிகிதம் மக்னீஷியம் உண்டு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பொருளின் நடுவில் இருப்பது இந்தச் சத்துதான்.

டோலமைட்டும் முதலில் சுண்ணாம்புக்கல்லாக இருந்ததுதான். பூமிக்குள் நெடுங்காலம் 'வெந்து' மாறியது என்று சொல்லலாம். அடியாழத்தில் உப்பு நீர் தேங்கிக் கிடக்கிறது. ஆழம் கூடக் கூட அது சூடேறும். பாறை பிளந்து நகர்ந்த இடங்களில் அந்த வெடிப்புகள் வழியே மேலே ஏறும். அதிலுள்ள மக்னீஷியம் கல்லுக்குள் புகுந்து, அங்கிருந்த கால்சியத்தில் பாதியை வெளியேற்றி, அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. வெளியேறிய கால்சியம் நீரோடு போய்விடுகிறது.

சூடு எதற்கு என்று கேட்கலாம். கடல் நீரில் கால்சியத்தைவிட எடையில் 3 மடங்கு மக்னீஷியம் இருக்கிறது. ஆயினும் கடற்கரையில் டோலமைட் எளிதில் உண்டாவதில்லை. தண்ணீரில் மக்னீஷியம் தன்னைச் சுற்றி நீர்த்துகள்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சூடு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. சாதாரண வெப்பத்தில் இது வளராத காரணத்தை விஞ்ஞானிகள் நெடுங்காலம் தேடினார்கள். படிகம் சிறிது கரைவதும் மீண்டும் வளர்வதுமாக மாறி மாறி நடந்தால் வேகம் கூடும் என்று 2023-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஹவுஸ்நெக்ட் என்ற விவசாயக் குடும்பத்தின் நிலத்தில் 1957-ல் எண்ணெய் கிடைத்தது. குறி சொல்பவர் ஒருவரின் வாக்கை நம்பித் துளை போட்டார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்ப்பவரைத் தேடிப் போகும் நமக்கு இது வியப்பாக இராது! ஆல்பியன்-சிப்பியோ என்று பெயர் பெற்ற அந்த வயல் ஏறக்குறைய 30 மைல் நீளம். அகலமோ பெரும்பாலும் ஒரு மைலுக்குள்தான். காரணம், சூடான உப்பு நீர் ஏறிய வெடிப்பை ஒட்டி மட்டுமே சுண்ணாம்புக்கல் டோலமைட்டாக மாறியிருந்தது. மாறிய கல்லில் துளைகளும் பொந்துகளும் உண்டு; எண்ணெய் தங்கியது அவற்றில். அந்தப் பட்டையை விட்டுச் சிறிது விலகினால் கெட்டியான சுண்ணாம்புக்கல், எண்ணெய் கிடையாது. 12 கோடி பீப்பாய்க்கு மேல் எடுத்த வயல் அது.

விவசாயி கவனிக்க வேண்டியதும் இந்தப் பட்டை விஷயம்தான். இவ்வாறு உண்டான இடங்களில் குவாரியின் ஒரு சுவர் டோலமைட், எதிர்ச் சுவர் வெறும் சுண்ணாம்புக்கல் என்று இருக்கக்கூடும். சூடான நீர் சில இடங்களில் ஈயம், துத்தநாகத் தாதுக்களையும் விட்டுச் செல்கிறது. ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல.

கல்லாக இருந்தால் சோதிப்பது சுலபம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் 'சுர்' என்று பொங்கும்; டோலமைட் கட்டி அநேகமாகச் சும்மா இருக்கும். ஆனால் தூளாக்கிவிட்டால் டோலமைட்டும் நுரைக்கும். அதனால் மூட்டைத் தூளுக்கு இந்தச் சோதனை உதவாது. பகுப்பாய்வுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் மக்னீஷியம் ஆக்சைடு என்று போட்டிருந்தால், அந்த எண்ணில் 100-க்கு 60 பங்குதான் மக்னீஷியம். சுத்தமான சரக்கில் ஆக்சைடு 22 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 30, 40 என்று யாராவது சொன்னால் அது டோலமைட் அல்ல.

புளிப்பைப் போக்குவதில் 92 கிலோ சுத்தமான டோலமைட், 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லுக்குச் சமம். ஆனால் கரைவது மெதுவாக. கொரகொரப்பான தூள் இன்னும் மெதுவாக. நன்றாக அரைத்த தூளையே கேளுங்கள். அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்து, மண்ணும் புளிப்பாக இருந்தால் டோலமைட் ஏற்றது. மக்னீஷியம் போதுமான அளவு உள்ள நிலத்துக்குச் சாதாரணச் சுண்ணாம்புக்கல் தூளே போதும்.

தேயிலைக்கு மண்ணின் கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் ஏற்றிவிடக் கூடாது. சமவெளியில் களர் நிலம், சுண்ணாம்பு மிகுந்த கரிசல் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தத் தூளை இடவே வேண்டாம். அங்கே மக்னீஷியம் குறைந்தால் மக்னீஷியம் சல்பேட் கரைசலை இலையில் தெளிப்பதே வழி. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு கடைக்குப் போகலாம்.