கிரவுண்ட் ஃப்ளோர் பாத்ரூம்ல சாக்கடை ஏன் பொங்குது?

இன்னிக்கு கொஞ்சம் நாத்தம் பிடிச்ச விஷயம்தான். ஆனா நாவலூர் பக்கம் கிரவுண்ட் ஃப்ளோர்ல வீடு பார்க்கறவங்க முழுசா கேளுங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ ஓஎம்ஆர்ல தண்ணி நின்னது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி மழையில வெளியே இருக்கிற சேம்பரும் செப்டிக் டேங்கும் நிரம்பிடும். தண்ணி எப்பவும் மட்டம் பார்த்துதான் போகும். சேம்பர்ல இருக்கிற மட்டம் உங்க பாத்ரூம் தரையைவிட மேல ஏறிட்டா, அதே குழாய் வழியா கழிவுநீர் வீட்டுக்குள்ள வந்துடும்.

இதுக்குத் தீர்வு நான் ரிட்டர்ன் வால்வ். உள்ளே ஒரு மூடி இருக்கும். கழிவு வெளியே போகும்போது திறக்கும், திரும்பி வந்தா மூடிக்கும்.

ஆனா அதை எங்கே போடறோம்ங்கறது முக்கியம். மொத்த பில்டிங்குக்கும் பொதுவான லைன்ல போட்டா, வால்வ் மூடினதும் மேல்மாடிக்காரங்க ஃப்ளஷ் பண்ற தண்ணிக்குப் போக வழி இருக்காது. அது கிரவுண்ட் ஃப்ளோர்லதான் பொங்கும். அதனால கீழ் வீட்டுக்குத் தனி லைன், அதுல தனி வால்வ். அது மூடியிருக்கும்போது அந்த வீட்லயும் தண்ணி ஊத்தக்கூடாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி திறந்து சுத்தம் பண்ணுங்க. ஒரு துணி மாட்டினாலே மூடி சரியா உட்காராது.

மொட்டை மாடி மழைத்தண்ணிக் குழாயை இந்த லைன்ல சேர்க்காதீங்க. சொந்த எஸ்டிபி இருக்கிற அபார்ட்மென்ட்னா, கரண்ட் போனா அதோட பம்ப்புக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கான்னு அசோசியேஷன்ல கேளுங்க.

கடைசியா, அடைச்சுக்கிட்டா யாரையும் டேங்க்குக்குள்ள இறக்காதீங்க. விஷவாயு உயிரை எடுத்துடும். பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கறது 2013 சட்டப்படி குற்றம். கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்க.