இசான் சிற்றூர்களில் பருவகால வேலை

இசான் என்பது தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள 20 மாகாணங்களைக் கொண்ட பகுதியாகும். நாட்டின் பரப்பளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்பகுதியில் அடங்கும். இங்குள்ள உழவர்களின் பருவகால வேலை குறித்து வெளியாரிடம் சில தவறான கருத்துகள் நிலவுகின்றன.

வேளாண் ஆண்டு

இசானின் மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. பாசன வசதியும் குறைவு. எனவே நெல் இங்கு பெரும்பாலும் மானாவாரிப் பயிராக, ஆண்டுக்கு ஒரு போகமே விளைகிறது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். வீட்டு உணவுக்கு ஒட்டும் தன்மையுள்ள அரிசியும் விற்பனைக்கு மல்லிகை அரிசியும் பயிரிடப்படுகின்றன. 1959 இல் வெளியிடப்பட்ட காவ் டோக் மாலி 105 என்னும் மல்லிகை நெல், பகற்பொழுது குறையும்போது பூக்கும் இயல்புடையது. ஆகையால் விதைப்பு சற்று முன்பின் ஆனாலும் அறுவடை நவம்பரை ஒட்டியே அமைகிறது.

தவறான கருத்துகள்

அறுவடைக்குப் பின் உழவர்கள் வேலையின்றி இருக்கிறார்கள் என்பது முதல் கருத்து. காய்ந்த வயல்களைக் காண்போருக்கு அவ்வாறு தோன்றலாம். ஆனால் கரும்பு வெட்டுதல், மரவள்ளிக் கிழங்கு தோண்டுதல், பட்டு நெசவு, மீன்பிடித்தல், உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சுதல் ஆகியவை வறண்ட மாதங்களில் நடைபெறுகின்றன.

நகரத்துக்குச் சென்றவர்கள் உழவைக் கைவிட்டவர்கள் என்பது இரண்டாவது. பாங்காக்கில் கட்டட வேலை செய்வோரும் வாடகைக் கார் ஓட்டுவோரும் அனுப்பும் பணம் உரத்துக்கும் உழவுக் கூலிக்கும் செலவாகிறது. பலரது குடும்பப் பதிவு ஊரிலேயே இருப்பதால் அவர்கள் வாக்களிக்கவும் ஊர் திரும்புகின்றனர்.

சிற்றூர் வேலைமுறை மாறாதது என்பது மூன்றாவது. அண்டை வீட்டார் கூலியின்றி மாறிமாறி உதவும் 'லொங் கேக்' வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆள் பற்றாக்குறையால் பல இடங்களில் நடவுக்குப் பதில் நேரடி விதைப்பும், கையறுப்புக்குப் பதில் வாடகை அறுவடை இயந்திரமும் வந்துள்ளன.

விளைவுகள்

1997 நிதி நெருக்கடியில் வேலையிழந்த பலர் இசானுக்குத் திரும்பினர். அத்தகைய வேளைகளில் எத்தனை பேர் வந்தாலும் ஊர் தாங்கும் என எண்ணப்படுவதுண்டு. ஒரு போக நெல் உணவளிக்கும். ஆனால் கடன் தவணைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேண்டிய பணத்துக்கு அது போதாது. மழை பொய்த்தால் நகரச் சம்பளம் குடும்பத்தைக் காக்கிறது. நகர வேலை போனால் வயல் காக்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கணக்கில் கொள்ளும் உதவித் திட்டம் குடும்பத்தின் பாதி வாழ்வையே காண்கிறது.