மலைக்கு மழை, கடலுக்கு மீன்

திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலைக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்றே கேரளக் கடலுக்கு மீன்வளத்தையும் அளிக்கின்றது. காற்றின் உந்துதலாலும் பூமியின் சுழற்சியாலும் கரையோர மேல்நீர் அப்பால் விலக, ஆழத்திலுள்ள குளிர்ந்த, சத்து மிக்க நீர் மேலெழுகின்றது. அதில் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றை உண்டு, மத்தி எனப்படும் சாளை மீன் கொழிக்கின்றது.

இப்பொழுது அரபிக்கடலின் மேற்பரப்பு வெப்பமடைந்து வருகின்றது. சூடேறிய நீர் இலேசானது. அது மூடிபோல் மேலே தங்கி, கீழ்நீர் எழுவதைத் தடுக்கக்கூடும்.

கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன்னாக இருந்த சாளைப் பிடிப்பு, 2021-இல் 3,297 டன்னாகக் குறைந்து, பின்னர் ஓரளவு மீண்டது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் கடற்சூழல் மாற்றமும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆதலின், மழையை அளக்கும் ஊழியரும் பூகோளம் கற்பிக்கும் ஆசிரியரும் மலையையும் கடலையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.